வெளிநாட்டில் பொருளியல் படிப்பும் நம் வீட்டுக் கணக்கும்



சென்ற பங்குனியில் ஒரு சடங்கு வீட்டுக்காக நாம் ஜெயபுரம் போயிருந்தோம். கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள ஊர் அது. மலையில் விடியற்காலை பஸ் ஏறினால், கண்டி, வவுனியா, கிளிநொச்சி என்று மாறி மாறிப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். நம்மில் பல பேருக்கு வன்னிப் பக்கம் சொந்தபந்தம் உண்டு. 1977 கலவரத்தின் போதும் அதற்குப் பிறகும் லயத்தை விட்டுப் பெட்டி படுக்கையோடு போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தவர்கள். 2009 வரை நடந்த போரில் எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர்கள் என்று கேட்டால் விரலை மடக்கி எண்ணிச் சொல்வார்கள்.

பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, நமக்குத் தங்கச்சி முறையான ஒருத்தி நம்மை உள்ளே கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க தோட்டத்து ஆபீசிலே இருக்கிறவர். இந்தப் பேப்பரை ஒருக்காப் பாருங்க. என்னமோ இங்கிலீசிலே எழுதியிருக்கு. நாளைக்கு மறுநாள் கையெழுத்துப் போடணுமாம்."

அவளுடைய மகள் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் பொருளியல், கணக்கீடு, வணிகக் கல்வி எடுத்து இரண்டு ஏயும் ஒரு பீயும் வாங்கியிருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. வெளிநாட்டில் பொருளியலும் நிதியும் படிக்க வேண்டும் என்று ஆசை. டவுனில் ஒரு முகவர் இடம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முதலில் நான்கு இலட்சம் கட்ட வேண்டும், அது எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்பட மாட்டாது. மூன்று வருஷப் படிப்புக்கான கட்டணம் வேறாக, டொலரில். தாய் தாலிக்கொடியை அடகு வைக்கத் தயாராக இருந்தாள். தகப்பன் காணி அனுமதிப்பத்திரத்தை ஒரு வெளியாளிடம் கொடுத்துக் கடன் எடுக்கப் பேசி முடித்துவிட்டார்.

அன்றிரவு அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் (கரண்ட் போய்விட்டது) நாம் அந்தக் குடும்பத்தோடு பேசியதையே இங்கே பாடமாக எழுதுகிறோம். நம் தோட்டங்களிலும் இப்போது உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இதே பேப்பர் நாளைக்கு உங்கள் லயத்து வாசலுக்கும் வரலாம்.

முதலில், இந்தப் படிப்பு என்ன படிப்பு? நம் ஆட்கள் பொருளியல் என்றால் வங்கி வேலை, நிதி என்றால் காசு எண்ணுகிற வேலை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இருக்கிற கொஞ்சத்தை வைத்து எதைச் செய்வது, எதை விடுவது, அதனால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று ஆராய்வது பொருளியல். இன்றைக்குப் போட்ட காசு நாளைக்கு எவ்வளவாகும், அதில் எவ்வளவு ஆபத்து, கடன் வாங்கினால் உண்மையான வட்டி என்ன என்று கணக்குப் பார்ப்பது நிதி. தீபாவளி முற்பணம் எடுத்து மாதாமாதம் கழித்துக் கட்டுகிற ஒவ்வொரு குடும்பமும் நிதியின் முதலாம் பாடத்தைப் படித்துத்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இதைக் கணிதத்தாலும் புள்ளிவிபரத்தாலும் படிப்பார்கள். அதனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். கணக்குக்குப் பயந்த பிள்ளை இந்தப் படிப்புக்குப் போனால் முதலாம் வருஷத்திலேயே திண்டாடும். சாதாரண தரத்தில் கணிதத்தைக் கைவிடாமல் பிடித்திருக்க வேண்டும்.

ஏழைப் பிள்ளை வெளிநாட்டில் போய்ப் பொருளியல் படிப்பது புதுசு ஒன்றும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. டாக்டர் அம்பேத்கரை நமக்குச் சட்டம் எழுதியவராகத்தான் தெரியும். அவர் படித்த படிப்பு பொருளியல். தீண்டாமைக் கொடுமையில் பள்ளிக்கூடத்திலே ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளை, பம்பாயில் பட்டம் எடுத்து, 1913இல் நியூயோர்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். காசு? பரோடா மகாராஜா கொடுத்த உபகாரச் சம்பளம், மாதம் பதினொன்றரைப் பவுண், மூன்று வருஷத்துக்கு. அந்தக் காசிலே வயிற்றைக் கட்டிப் புத்தகங்களும் வாங்கிச் சேர்த்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் லண்டன் பொருளியல் கல்லூரிக்கு மாறினார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் அந்தப் பிள்ளைக்கு அழுத்திச் சொன்னோம். லண்டன் படிப்பு முடியவில்லை. உபகாரச் சம்பளக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். அவருடைய புத்தகங்களை ஏற்றி வந்த கப்பல் யுத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் வேலைக்குப் போனால் தங்குவதற்கு ஒரு வீடு கொடுக்க ஆள் இல்லை. பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் படிப்பித்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மகாராஜாவின் உதவியோடும் ஒரு நண்பரிடம் வாங்கிய கடனோடும் 1920இல் மறுபடி லண்டன் போனார். 1923இல் உயர் பட்டம் பெற்றார். கொலம்பியாவின் கலாநிதிப் பட்டம் 1927இல் கையில் வந்தது. அம்பேத்கர் அளவு மூளை உள்ளவருக்கே காசு தீர்ந்தால் படிப்பு நின்றது. அதனால் வெளிநாட்டுப் படிப்பு என்று யாராவது சொன்னால், முதல் வருஷத்துக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டாம், கடைசி வருஷத்துக்குக் காசு எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் உண்டு. ஜே. சி. குமரப்பா, 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காய்வாளர் படிப்பு முடித்துப் பம்பாயில் நல்ல வருமானத்தோடு இருந்தவர், முப்பத்தைந்து வயதில் அமெரிக்காவுக்குப் போய் மறுபடி மாணவர் ஆனார். கொலம்பியாவில், அம்பேத்கருக்கு ஆசிரியராக இருந்த அதே செலிக்மன் என்பவரிடம் அரசாங்க நிதி பற்றிப் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அவர் ஒரு கூட்டத்தில் பேசியது பத்திரிகையில் வந்ததைப் பார்த்து, அதையே ஆராய்ச்சியாக எழுதச் சொன்னாராம் அந்த ஆசிரியர். தேடிப் பார்த்தால், ஜனங்கள் கட்டுகிற வரி எங்கே போகிறது என்ற கேள்வியில் வந்து நின்றது. 1929இல் ஊர் திரும்பிக் காந்தியைச் சந்தித்தார். பிறகு வாழ்நாள் முழுதும் கிராமக் கைத்தொழிலுக்கு உழைத்தார். கோட்டு சூட்டு போட்ட கணக்காய்வாளரைக் கதர்க்காரர் ஆக்கியது அந்தப் படிப்புத்தான்.

கேரளத்துக் கே. ஆர். நாராயணன் இன்னொருவர். தினம் 15 கிலோமீற்றர் போல நடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளை, கட்டணம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை. டாட்டா நிறுவனத்தின் புலமைப்பரிசிலில் 1945இல் லண்டன் பொருளியல் கல்லூரிக்குப் போய், 1948இல் பட்டத்தோடு வந்தார். 1997இல் இந்தியாவின் ஜனாதிபதியானார். அம்பேத்கரும் இவரும் முதல் தடவை கடல் தாண்டியது மற்றவர் கொடுத்த புலமைப் பணத்தில். தாலிக்கொடி அடகுக்குப் போகவில்லை.

சரி, இனி ரூபாய் விஷயத்துக்கு வருவோம். பாடத்தின் நடுப்பகுதி இதுதான்.

அம்பேத்கர் லண்டனில் எழுதிய ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? ரூபாயின் பெறுமதியைப் பற்றி. அந்தக் காலத்து ரூபாய் வெள்ளிக் காசு. இங்கிலாந்துப் பவுண் தங்கத்தோடு கட்டியது. உலகத்தில் வெள்ளி விலை விழ விழ ரூபாயும் விழுந்தது. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 2 சிலிங் கிடைத்தது. 1893 அளவில் அது 1 சிலிங் 3 பென்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. இலங்கையிலும் அப்போது ரூபாய்தான் புழக்கம். தேயிலை லண்டனில் பவுணுக்கு விற்றது, நம் பாட்டன் பூட்டனுக்குச் சம்பளம் ரூபாயில் கொடுத்தார்கள். ரூபாய் விழும்போது விற்கிறவருக்கு அதே பவுணுக்குக் கூடுதலான ரூபாய் கிடைக்கும். கூலிக்காரனுக்கு அதே சதம்தான். நாணயம் விழுந்தால் விலைவாசி முதலில் ஏறும், கூலி பின்னாலே நொண்டி நொண்டி வரும், அந்த இடைவெளியில் முதலாளிக்குக் கிடைக்கிற இலாபம் தொழிலாளியின் நட்டம் என்பது அம்பேத்கர் எடுத்துக் காட்டிய விஷயம்.

பழங்கதை என்று விடாதீர்கள். 2021 மார்ச்சில் நம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அப்போது ஒரு டொலர் 200 ரூபாய் அளவில். அப்படியென்றால் ஒரு பேருக்கு 5 டொலர். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைத்திருந்த கையை எடுத்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. மே மாதம் டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. அதே 1,000 ரூபாய், அதே மலை, அதே கூடை, ஆனால் 3 டொலருக்கும் குறைவு. அந்த வருஷம் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி ரூபாய் விலை முந்திய வருஷத்தைவிட இரண்டு மடங்குக்குப் போனது. நியாயமாகச் சொல்வதென்றால், தோட்டங்களுக்கும் உரம், டீசல் விலை ஏறியது, 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் விளைச்சலும் விழுந்தது. ஆனாலும் மாவும் பருப்பும் விலை ஏறியபோது பேர்க்காசு ஏறவில்லை என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கும் ஜெயபுரத்துப் பிள்ளையின் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பேச்சுக்கு, ஒரு வருஷக் கட்டணமும் சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து 10,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் அது 20 இலட்சம் ரூபாய். 2022 மே மாதத்துக் கணக்கில் 36 இலட்சம். கல்லூரி ஒரு சதமும் கூட்டவில்லை. ரூபாய் விழுந்தது, அவ்வளவுதான். 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில் முதலாவது தொகை 2,000 பேர். மாதம் 25 நாள் வேலை என்றால் ஆறரை வருஷத்துக்கு மேல் உழைக்க வேண்டும். இரண்டாவது 3,600 பேர், அதாவது பன்னிரண்டு வருஷம். நாம் சிமெந்துத் தரையில் சோக்கட்டியால் இதை எழுதிக் காட்டியபோது தகப்பன் ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் ஒரு பீடி பற்ற வைத்தார்.

அந்த நேரத்தில் வெளிநாட்டில் இரண்டாம் வருஷத்தில் இருந்த எத்தனையோ இலங்கைப் பிள்ளைகளின் வீடுகளில் இந்தக் கணக்கு உண்மையாகவே நடந்தது. பிறகு டொலர் 300 ரூபாய் அளவுக்கு இறங்கியது. ஆனால் பழைய 200க்குத் திரும்பவில்லை. ரூபாயில் உழைத்து டொலரில் கட்டுகிற எந்தப் படிப்புக்கும் இந்த ஆபத்து கூடவே வரும். கட்டணத்தையும் சாப்பாட்டையும் அந்த நாட்டுக் காசிலேயே கொடுக்கிற புலமைப்பரிசில் கிடைத்தால்தான் ஆபத்து வீட்டுக்கு வராது.

பிள்ளை கேட்டாள், "மாமா, அங்கே போய் வேலை செய்து கட்டலாம் என்று அவர் சொன்னாரே?" செய்யலாம். ஆனால் அளவு உண்டு. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்பது சட்டம். அதைத் தாண்டினால் விசாவே போகும். அந்தக் காசு சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் உதவும், கட்டணத்துக்குக் காணாது. இன்னொன்று, விசாவுக்கு முன்னாலேயே வேண்டிய தொகையை வங்கியில் 28 நாள் தொடர்ந்து வைத்துக் காட்ட வேண்டும். அதற்கென்று வட்டிக்குக் காசு எடுத்து வைக்கிற வழக்கம் ஒன்று டவுன்களில் நடக்கிறது. காட்டுகிற காசு வேறு, கட்டுகிற காசு வேறு. இதை யாரும் தாய் தகப்பனுக்கு விளங்கப்படுத்துவதில்லை.

நாமும் ஒரு முறை ஏமாந்திருக்கிறோம், மறைப்பதற்கு என்ன. சில வருஷத்துக்கு முன்பு ஒரு தோட்டத்துப் பையனுக்காகப் பிணைக் கையெழுத்துப் போட்டோம். அவன் போய்ச் சேர்ந்த இடம் ஒரு கடைக்கு மேல்மாடி. பட்டம் கொடுக்கிற அதிகாரமே இல்லாத கல்லூரி. பையன் எட்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். கடன் மட்டும் திரும்பிப் போகவில்லை. அவனுடைய அம்மா இன்றைக்கும் நம்மைக் கண்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் நமக்குக் கஷ்டம். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எந்தக் கல்லூரிப் பெயரைச் சொன்னாலும், இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த இடத்துப் பட்டத்தை ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

அப்படியானால் வழி என்ன என்று தங்கச்சி கேட்டாள். நாம் சொன்ன வழி எல்லாருக்கும் பிடிக்காது. முதல் பட்டத்தை இங்கேயே எடு, இரண்டாவது பட்டத்துக்கு வெளியே போ என்பதுதான் அது. நம் நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. கிளிநொச்சி, நுவரெலியா, பதுளை எல்லாம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்கள் என்று கணக்கில் உள்ளவை. இசட் புள்ளி வெட்டு அதற்கேற்றபடி வரும். ஜெயபுரத்துப் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் இருக்கிறது. வவுனியாவும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் அது தனிப் பல்கலைக்கழகம், வியாபாரக் கற்கைகள் பீடம் அங்கே உண்டு. இங்கே நல்ல சித்தியோடு பட்டம் எடுத்தால், முதுமாணிப் படிப்புக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். முழுச் செலவும் கொடுக்கிற புலமைப்பரிசில்கள் இரண்டாம் பட்டத்துக்குத்தான் கூடுதலாக உண்டு. அதைப் பல பேர் அறியாமல் முதல் பட்டத்துக்கே காணியை விற்கிறார்கள்.

முதல் பட்டத்துக்கே வெளியே போக வேண்டும் என்றால் இந்தியாவைப் பாருங்கள். இந்திய அரசாங்கம் இலங்கை மாணவருக்குக் கொடுக்கிற நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் திட்டத்தில் பொருளியல், வர்த்தகம், வியாபார நிர்வாகம் எல்லாம் அடங்கும். மருத்துவம் அடங்காது. கட்டணம், தங்குமிடம், மாதச் செலவு, புத்தகக் காசு கொடுக்கிறார்கள். இதற்குத் தெரிவு செய்வது நம் கல்வி அமைச்சும் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயமும். முகவர் யாரும் நடுவிலே தேவையில்லை, யாராவது இதற்குக் காசு கேட்டால் அது பொய். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே 1947இல் ஏற்படுத்திய கல்வி அறக்கட்டளை ஒன்றும் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வழியாக உதவிப் பணம் கொடுத்து வருகிறது. அது பெரிய தொகை இல்லை. ஆனால் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குப் பஸ் காசுக்கும் புத்தகத்துக்கும் உதவும்.

அமையச் செலவு என்று பொருளியலில் ஒரு சொல் உண்டு. ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகிற மற்றொன்றின் பெறுமதி. நாம் இதை விளக்கப் போனபோது பிள்ளையே முந்திக்கொண்டு சொன்னாள். "மாமா, காணியைக் கொடுத்தால் அப்பாவுடைய நெல்லும் தம்பியுடைய படிப்பும் போகும், அதுதானே?" உயர்தரப் புத்தகத்தில் படித்ததைத் தன் வீட்டுக்குள்ளே வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறோம். அது அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் வெளியாளிடம் ஈடு வைப்பதே பிழை. அதையும் தகப்பனிடம் சொன்னோம்.

அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. முகவர் இரண்டு தடவை போன் பண்ணியிருக்கிறார், பிறகு விட்டுவிட்டார். ஆனால் புலமைப்பரிசில் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. தாத்தாவின் பெயரை எழுதும்போது தோட்டத்துப் பதிவில் நடந்த பிழை அது, இரண்டு தலைமுறை தாண்டி வந்து நிற்கிறது. 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவரானவர்களின் குடும்பம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை கிடைத்தது. அந்தப் பத்திரமும் இடம்பெயர்வில் தொலைந்து, பிரதி எடுக்க வேண்டியிருந்தது. இது இல்லாமல் கடவுச்சீட்டு இல்லை, கடவுச்சீட்டு இல்லாமல் எந்த வெளிநாட்டுப் படிப்பும் இல்லை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, பதிவாளர் அலுவலகத்தில் திருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் பிள்ளை உள்நாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டாள்.

ஆகவே நம் தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை சாதாரண தரம் எழுதுகிற வருஷத்திலேயே பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் தாய் தகப்பன் அடையாள அட்டைகளையும் ஒரு பையில் போட்டு நலன்புரிக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் நாம் பார்த்துச் சொல்வோம். பிரட்டு முடிந்து கொழுந்துக்குப் போகிற அவசரத்தில் வர வேண்டாம். புதன்கிழமை பின்னேரம் நிறுவைக்குப் பிறகு நாம் காரியாலயத்தில்தான் இருப்போம்.